உப்பு ராணியைச் சாகவிடாத லீனா

உப்பு ராணிக்கு இன்னும் மூன்று சதவீதம் உயிர்தான் மிச்சம். பதினேழு ஞாயிற்றுக்கிழமைகளில் அறுபது தடவை இருபது பேரையும் உப்புத் தூணாக்கி நிறுத்திய மகாராணி, இப்போது ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். பத்து நொடி தாக்குப்பிடித்தால் போதும். லீனாவின் காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனுக்குள் பத்தொன்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ராணி கையைத் தூக்கினாள். அவள் மகுடத்தில் ஒரு கல் உண்டு. கல் நீலமானால் எல்லாரும் வலது பக்கம் ஓட வேண்டும், சிவப்பானால் இடது பக்கம். வெட்டுவதிலும் குத்துவதிலும் மும்முரமாக இருப்பவர்களுக்கு மகுடத்தை அண்ணாந்து பார்க்க நேரம் இருக்காது. பார்த்துச் சொல்வது தலைவியின் வேலை.

கல் நீலமானது.

“இடது! எல்லாரும் இடது!” என்று லீனா கத்தினாள்.

இருபது பேரும் ஒழுங்காக இடது பக்கம் ஓடினார்கள். ராணி ஓர் ஊது ஊதினாள். இருபது தூண்கள்.

“ஐயோ அக்கா! மூணு பர்சன்ட்!” என்று அலறினாள் தர்ஷினி. “நான் தலகாணிய கடிச்சு வெச்சிருக்கேன், பஞ்சு வாய்க்குள்ள போயிருச்சு!”

“பரவால்ல மேடம், பரவால்ல. அடுத்த வாரம் இருக்குல்ல” என்றார் சில்வெஸ்டர். தோற்ற மனிதரின் குரலாக அது இல்லை. சம்பளம் வந்த குரலாக இருந்தது.

“சாரிப்பா, சாரி. கண்ணு மாறிப்போச்சு” என்றாள் லீனா.

அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த அண்ணன் தியோடர், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டில் குறித்துக்கொண்டான்: ‘61. மீதம் 3. கல் நீலம். சொன்னது இடது.’

ரிச்சர்ட்ஸ் டவுனில் இருபது பேரை ஒரே குரலில் இடமும் வலமும் நகர்த்தக்கூடியவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் சந்திப்பில் நிற்கும் டிராஃபிக் போலீஸ்காரர். இன்னொருவர் லீனா. வயது முப்பத்தொன்று, உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் டெஸ்கில். அறுபத்து நான்கு வண்டிகள், நானூற்றுப் பதினெட்டு ஊழியர்கள். யாரை எந்த வண்டி எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும், யாரை முதலில் இறக்க வேண்டும் என்று அட்டவணை போடுவது அவள். வண்டி சரியாக வந்தால் அவளை ஒருவருக்கும் நினைவிருக்காது. ஐந்து நிமிடம் தாமதமானால் நானூற்றுப் பதினெட்டுப் பேருக்கும் அவள் நம்பர் மனப்பாடம்.

‘ஏழு கோட்டை’ என்ற அந்த ஆன்லைன் விளையாட்டில் தனியாளாக எதையும் சாதிக்க முடியாது. கில்டு என்று ஒரு கூட்டம் வேண்டும். ஒரே கொடி, ஒரே பெயர். லீனாவின் கில்டுக்குப் பெயர் ‘கடைசி டிராப்’. அதை ஆரம்பித்தது அவளும் சில்வெஸ்டரும். சில்வெஸ்டர் நீலசந்திராவில் குடியிருக்கும் கேப் டிரைவர், ஐம்பத்தொரு வயது. பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் போனைச் சாய்த்து விளையாடுவார். கில்டில் பெரிய கேடயம் அவரிடம்தான். முதல் அடி எப்போதும் அவருக்கு. “ஆபீஸ் வாசல்ல வாங்காத அடியா மேடம்” என்பார்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். ஃப்ரேசர் டவுனில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ஃபாத்திமா. காயம் ஆற்றுவது அவள் பொறுப்பு. பி.ஜி. விடுதி ஒன்றில் தங்கியிருக்கும் ரகுராம். கம்ப்யூட்டர் வேலை, குறி தவறாத வில்லாளி. பொம்மனஹள்ளியில் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பில் உட்காரும் தர்ஷினி; கையில் இரட்டைக் கத்தி, வாயில் ஓயாத பேச்சு. மொத்தம் இருபத்தாறு பேர் சேர்ந்தார்கள்.

சுற்றிலும் மற்ற கில்டுகள் சீட்டுக்கட்டு வீடு மாதிரி சரிந்துகொண்டிருந்தன. ஒன்று, தலைவர் தன் மச்சானுக்கே மூன்று வாள் கொடுத்ததில் உடைந்தது. இன்னொன்று ஆள் சேர்ப்பதையே வேலையாக வைத்துக்கொண்டு இருநூறு பேரைச் சேர்த்தது. யார் பெயரும் யாருக்கும் தெரியாமல் போய், ஒரு நாள் தலைவரையே யாரோ புது ஆள் என்று நினைத்து வெளியே தள்ளிவிட்டார்கள். கடைசி டிராப் மட்டும் அசையவில்லை. காரணம், லீனா அதை ஒரு கேப் ரூட் மாதிரி நடத்தினாள். மூன்று மணி என்றால் மூன்று மணி. வண்டி மூன்று நிமிடம் நிற்கும், பிறகு ராஜாவே வந்தாலும் கிளம்பிவிடும். வர முடியாதவர்கள் மதியத்துக்குள் சொல்லிவிட வேண்டும். புதையலில் நல்ல பொருள் கிடைத்தால் பிக்கப் வரிசைப்படிதான். இந்த வாரம் வாங்கியவர் வரிசையின் கடைசிக்குப் போவார், அது லீனாவாக இருந்தாலும் சரி. இதில் சண்டை போட ஒருவருக்கும் இடமில்லை. சண்டை இல்லாத இடத்தில் பேச்சுக்கு நிறைய நேரம் மிச்சமாகும். ஞாயிறு திருப்பலி, மதியம் பிரியாணி, மூன்று மணிக்கு ராணி. இதுதான் அவள் வாரத்தின் அச்சாணி.

அந்த ஞாயிறு மாலை ஏழு மணிக்கு, தியோடர் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தான். அவன் ஏசி மெக்கானிக். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால்கூட எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று எழுதி வைத்துக்கொண்டுதான் அடுத்ததைக் கழற்றுவான். விளையாட்டு அவனுக்குத் தெரியாது. தங்கை விளையாடுவதை எழுதி வைக்கத் தெரியும்.

“லீனி, இங்க வா. உக்காரு.”

“என்னண்ணா, ஹெட்மாஸ்டர் மாதிரி கூப்புட்ற?”

“ராணி அஞ்சு பர்சன்டுக்குக் கீழ வந்தது பதினாலு தடவ.”

“இருக்கும்.”

“இருக்கும் இல்ல, பதினாலு. அதுல ஒம்பது தடவ கல் நீலம்னா நீ இடதுங்குற, சிவப்புன்னா வலதுங்குற.”

“டென்ஷன்ணா! கடைசி நேரத்துல கை காலே ஓடறதில்ல.”

“டென்ஷன்ல இருக்கறவன் சில தடவ தப்பா சொல்லுவான், சில தடவ சரியா சொல்லுவான். ஒம்பதுக்கு ஒம்பது தப்பா சொல்லணும்னா கல் என்ன கலருன்னு நல்லா தெரிஞ்சிருக்கணும்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டான். “ஏசி விட்டு விட்டு நின்னா அது ஃபால்ட்டு. டெம்பரேச்சர் பதினெட்டு வந்தா மட்டும் கரெக்டா நின்னுதுன்னா, யாரோ அப்படி செட் பண்ணி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்.”

லீனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். அடக்கிய சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அடிச்சிட்டா முடிஞ்சிரும்ணா.”

“முடியட்டுமே. அதுக்குத்தானே அறுபத்தோரு தடவ செத்தீங்க?”

“ராணி இல்ல. நாங்க முடிஞ்சிருவோம்.”

சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. இதற்கு முன் இரண்டு கில்டுகளில் இருந்தாள். முதல் கில்டு லாக்டவுன் காலத்தில். ஐம்பத்து நான்கு பேர். ஒரு வெள்ளிக்கிழமை அப்போதைய பெரிய அரக்கனை வீழ்த்தினார்கள். ஆட்டம், பாட்டம், அழுகை. அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை லீனாவும், போனை அணைக்க மறந்து தூங்கிப்போன ஒருவனும். இரண்டாவது கில்டு ஜெயித்த பதினோராம் நாள் கலைந்தது. தோற்கும்வரை எல்லாருக்கும் அடுத்த வாரம் என்று ஒன்று இருக்கிறது. ஜெயித்துவிட்டால் யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போய்விடுகிறார்கள். வாரம் முழுக்க “கேப் எங்க?” என்று கேட்கும் நானூற்றுப் பதினெட்டுப் பேருக்கு நடுவில், அவள் குரலுக்காகக் காத்திருக்கும் இருபத்தைந்து பேரை எப்படி இறக்கிவிடுவது?

“அதுக்காக என்னை ரெண்டு நோட்டு வாங்க வெச்சியா? ரெண்டாவது நோட்டு ஹார்ட் பௌண்டுடி!”

“சாரிண்ணா.”

“சரி, உன்னோடது ஒம்பது. மீதி அஞ்சு யாரு?”

லீனா கையை விலக்கிப் பார்த்தாள். தியோடர் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினான். மூன்று தடவை, இரண்டு சதவீதம் இருக்கும்போது சில்வெஸ்டர் “மேடம், ட்ரிப் வந்திருச்சு” என்று கேடயத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

“ஞாயித்துக்கிழமை அவருக்கு வீக் ஆஃப்! நான்தானே போட்டேன்!” என்றாள் லீனா.

ஒரு தடவை, நான்கு சதவீதத்தில் ஃபாத்திமா, “கரென்ட் போச்சு” என்று காயம் ஆற்றுவதை நிறுத்தியிருந்தாள்.

“அவ போன்லல்ல விளையாடறா!”

ஒரு தடவை, நான்கரை சதவீதத்தில் ரகுராமின் பூனை கீபோர்டில் நடந்திருந்தது.

“அந்த பி.ஜி.ல குக்கருக்கே பர்மிஷன் இல்ல! பூனையா?”

லீனா நாற்காலியிலிருந்து எழுந்து கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். அண்ணனின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். தான் மட்டும் திருடி இல்லை. சில்வெஸ்டரும், ஃபாத்திமாவும், குறி தவறாத ரகுராமும் அதே பயத்தில் அதே வேலையைச் செய்திருக்கிறார்கள்! வாரம் முழுவதும் டெஸ்கில் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்தாள். நினைத்துச் சிரித்த சிரிப்பில் இரண்டு பேரை வண்டி மாற்றி ஏற்றி, தெற்கே ஒசூர் போக வேண்டியவரை வடக்கே ஹெப்பாள் பக்கம் அனுப்பிவிட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தவறு செய்தாள். அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு எல்லாரும் வந்ததும், “சண்டைக்கு முன்னாடி ஒரு காமெடி” என்று ஆரம்பித்து, தியோடரின் நோட்டை வரிவரியாகப் படித்தாள். தன் ஒன்பதை முதலில் படித்தாள். பிறகு ட்ரிப், கரென்ட், பூனை.

ஹெட்ஃபோன் வெடித்துவிடும்போல் சிரிப்பு. “மேடம், மாட்டிக்கிட்டேன், கைய தூக்கிட்டேன்!” என்றார் சில்வெஸ்டர். “அது பக்கத்து வீட்டுப் பூனைங்க, ஜன்னல் வழியா வந்துச்சு” என்று ரகுராம் இன்னும் போராடினான். “எந்த மாடிடா நீ?” என்று ஃபாத்திமா கேட்டாள். “அஞ்சாவது” என்றான் அவன். மறுபடி சிரிப்பு.

அது அடங்கியபோதுதான் தர்ஷினி ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை என்பது லீனாவுக்கு உறைத்தது.

“நாப்பத்தி நாலாவது தடவை?” என்று தர்ஷினி கேட்டாள். “அதுவும் அந்த ஒம்பதுல இருக்கா?”

லீனா நோட்டைப் பார்த்தாள். “இருக்கு.”

“அன்னிக்கு என் சித்தி பொண்ணு நிச்சயதார்த்தம். பந்தில உக்காந்து இலை போட்டாச்சு. மணி ரெண்டே முக்கால்னு எழுந்து ஓடி வந்தேன். இன்னிக்கு வரைக்கும் சித்தி என்கூட பேசறதில்ல. நீங்க கல்ல பாத்துட்டே இடதுன்னீங்க.” குரல் உடைந்தது. “நீங்க நாலு பேரும் சும்மா செத்தீங்க. நாங்க நெஜமாவே செத்தோம்.”

திரையில் அவள் பெயர் அணைந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக ஏழு. மூன்று மணி பத்து நிமிடத்துக்குள் ஒன்பது பேர் கில்டை விட்டே வெளியேறியிருந்தார்கள். பதினேழு பேர் மிச்சம். இருபது பேர் இல்லாமல் ராணியின் அரண்மனைக் கதவு திறக்காது.

ஜெயித்தால் கலைந்துவிடும் என்று பயந்து பயந்து, ஜெயிக்காமலே கலைத்துவிட்டாள். அன்று மாலை தியோடர் வாங்கி வந்த மசாலா பூரியை அவள் தொடவில்லை. அவன் இரண்டு தட்டையும் தானே சாப்பிட்டான்.

திங்கட்கிழமை லீனா தர்ஷினிக்கு ஒரு நீண்ட மெசேஜ் எழுதினாள். பழைய கில்டு, போனை அணைக்காமல் தூங்கியவன், தன் பயம், எல்லாம். எழுதி முடித்து வாசித்தபோது அவளுக்கே எரிச்சல் வந்தது. டெஸ்கில் புதிதாகச் சேருபவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் விஷயமே வேறு. வண்டிக்காக ரோட்டில் நிற்பவரிடம் டயர் பஞ்சர், சில்க் போர்டு சிக்னலில் டிராஃபிக் என்று கதை சொல்லக்கூடாது. தப்பு நம்முடையது, வண்டி இப்போது எங்கே, எத்தனை நிமிடம். மூன்றே வாக்கியம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மெசேஜை அழித்துவிட்டுப் போன் செய்தாள்.

“சொல்லுங்க” என்றாள் தர்ஷினி. அக்கா என்ற சொல் இல்லை.

“ஒம்பது தடவ தெரிஞ்சே தப்பா சொன்னேன். இந்த ஞாயிறு மூணு மணிக்கு மறுபடி போறோம். கல்லப் பாத்து சொல்லப்போறது நீ, நான் ஓடப்போறேன்.”

அந்தப் பக்கம் பல் துளைக்கும் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

“நீங்க வேணும்னே வேற பக்கம் ஓடுனா?”

“நான் மட்டும் தூணா நிப்பேன். எல்லாரும் பாப்பாங்க.”

“சில்வெஸ்டர் அங்கிளுக்கு ட்ரிப் வந்தா?”

“அவங்க வீட்டம்மா பக்கத்துல உக்காந்துக்கறாங்களாம். வண்டி சாவி அவங்க இடுப்புல.”

“ரகு அண்ணா பூனை?”

“வெளிய அனுப்பிட்டேங்கறான்.”

“இல்லாத பூனைய எப்படி அனுப்புனாரு?” என்றாள் தர்ஷினி. சொல்லிவிட்டு, சிரித்துவிட்டோமே என்ற கோபத்தில் போனை வைத்துவிட்டாள்.

மற்ற எட்டுப் பேருக்கும் அதே மூன்று வாக்கியங்கள்தான். செவ்வாயும் புதனும் சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொருவராகப் பேசி முடித்தாள். இரண்டு பேர் போனை எடுக்கவேயில்லை. ஞாயிறு இரண்டு ஐம்பத்தெட்டுக்கு, விட்டுப் போனவர்களில் ஏழாவது பெயர் திரையில் எரிந்தது: தர்ஷினி.

“வந்திருக்கேன். ஆனா கோவமாத்தான் வந்திருக்கேன்” என்றாள்.

“கோவத்தோட வா கண்ணு, ராணி மேல காட்டு” என்றாள் ஃபாத்திமா.

அறுபத்திரண்டாவது தடவை நாற்பது சதவீதத்தில் செத்தார்கள். தர்ஷினிக்குக் குரலே வரவில்லை. அறுபத்து மூன்றாவது தடவை பன்னிரண்டில். குரல் வந்தது, ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்து வந்தது. அறுபத்து நான்காவது தடவை தர்ஷினி பேசுவதை நிறுத்திவிட்டுக் கத்த ஆரம்பித்தாள். கிளினிக்கில் “அடுத்த டோக்கன்!” என்று கூப்பிடும் கத்தல். அது சரியாக வேலை செய்தது. பத்து. ஏழு. மூன்று.

ராணி கையைத் தூக்கினாள். லீனா மகுடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று துடித்த கண்ணைப் பிடித்துத் தரையில் வைத்தாள். விரல் இடது பக்கத்துக்கு அரித்தது.

“வலதூ!”

லீனா வலது பக்கம் ஓடினாள். இருபது பேரும் ஓடினார்கள். ராணி ஊதிய ஊதல் காலியான இடத்தில் போய் விழுந்தது. சில்வெஸ்டர் கேடயத்தால் ஓர் இடி இடித்தார். ரகுராமின் அம்பு போனது. உப்பு ராணி அப்படியே பொலபொலவென்று உதிர்ந்து, மளிகைக் கடை மூட்டை சரிந்த மாதிரி ஒரு குவியலாகிப் போனாள்.

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. லீனா நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். தியோடர் பேனாவோடு குதித்ததில் சுவரில் இரண்டடிக்கு நீலக் கோடு. நீலசந்திராவில் நிறுத்தியிருந்த வண்டியில் சில்வெஸ்டர் விடாமல் ஹாரன் அடிக்க, தெரு நாய்கள் எல்லாம் சேர்ந்துகொண்டது ஹெட்ஃபோனில் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, “யாருக்குங்க கல்யாணம் நிச்சயமாச்சு?” என்று கேட்டார். “ராணி செத்துட்டா அங்கிள்!” என்றாள் லீனா. அவர் சிலுவைக்குறியிட்டு, “எந்த ராணிம்மா?” என்றார்.

திங்கள் வரை குரூப்பில் வாழ்த்து மழை. செவ்வாய் நான்கு மெசேஜ். புதன்கிழமை ரகுராம் வேறு ஒரு விளையாட்டை இறக்கியிருப்பதாகச் சொன்னான். வியாழன், வெள்ளி, சனி எதுவும் இல்லை. லீனா ஆபீஸில் ஒரு வண்டியைக்கூட மாற்றி அனுப்பவில்லை. அது நல்ல அறிகுறி இல்லை என்று தியோடருக்குத் தெரியும்.

ஞாயிறு இரண்டே முக்காலுக்கு அவள் திரைமுன் உட்கார்ந்தாள். மதியத்துக்குள் வந்த மெசேஜ் இரண்டுதான். ஒருவருக்குக் காய்ச்சல். இன்னொன்று ரகுராமுடையது: ‘இன்னிக்கு வரல. பூனைக்கு உடம்பு சரியில்ல.’ அதைப் படித்து ஒரு நொடி சிரித்தாள். ராணி செத்ததும் திறந்தே கிடந்த அரண்மனையில் உப்புக் குவியல் பக்கத்தில் தன்னந்தனியாக நின்றாள். மூன்று மணி. மூன்று மணி ஒரு நிமிடம். தியோடர் அவள் பின்னால் சுத்தமாக இருந்த ஏசி ஃபில்டரை மறுபடி துடைத்தான்.

“என்னடி, யாருமே இல்ல? ராணி கூட இல்ல” என்று ஃபாத்திமாவின் குரல் கேட்டது.

அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். “மேடம், இன்னிக்கு வீட்டம்மா வரல, சாவி என் கிட்டயே இருக்கு” என்று சில்வெஸ்டர். பிறகு கும்பலாக ஐந்து. மூன்று இருபதுக்குப் பதினாறு பேர். ஆறு பேரிடமிருந்து தகவலே இல்லை. லீனா பதினாறையும் இரண்டு தடவை எண்ணினாள்.

“இப்ப என்ன பண்றது?” என்று யாரோ கேட்டார்கள்.

லீனாவிடம் இன்று ரூட்டே கிடையாது.

“மேடம்,” என்று தூரத்திலிருந்து சில்வெஸ்டர் கூப்பிட்டார், “சிம்மாசனத்துக்குப் பின்னாடி ஒரு சின்ன கதவு இருக்கு.”

அறுபத்து நான்கு தடவை வந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும் அளவுக்கு யாரும் உயிரோடு இருந்ததில்லை; ஜெயித்த அன்று ஆட்டம் பாட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் தள்ளினால் ஓர் ஏரி. வெள்ளைக் கரை, பச்சைத் தண்ணீர், சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்த தூண்டில்கள். அரக்கன் இல்லை, புதையல் இல்லை. பதினாறு பேரும் ஆளுக்கொரு தூண்டிலை எடுத்துக்கொண்டு கரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கவசம், கேடயம், இரட்டைக் கத்தி எல்லாவற்றோடும்.

“எனக்கு செருப்பு மாட்டியிருக்கு மேடம்.”

“இடதா, வலதா அங்கிள்?” என்று தர்ஷினி கேட்டாள்.

“ஏய், குத்திக் காட்டாத!” என்றாள் லீனா.

“காட்டுவேன். ஒம்பது தடவ காட்டுவேன். கணக்கு இருக்கு” என்ற தர்ஷினி, தூண்டிலை வீசிவிட்டுச் சொன்னாள்: “சித்தி பேசிட்டாங்க அக்கா. ராணிய அடிச்ச வீடியோவ அனுப்புனேன். இந்தப் பொம்மைக்காகவா இலைய விட்டு எழுந்தேன்னு ஃபோன் பண்ணி அரை மணி நேரம் திட்டுனாங்க.”

“திட்டுனா பேசிட்டாங்கன்னு அர்த்தம்” என்றாள் ஃபாத்திமா. “சரி, எனக்கு இவ்வளவு பெரிய மீன், எல்லாரும் பாருங்க.”

“அது மீனா? என் செருப்பே பெருசு.”

“அக்கா, இந்த ஏரில தங்க மீன் இருக்காம்” என்றாள் தர்ஷினி. “அதுக்கு வேற புழு வேணும். எங்க கிடைக்கும்னு பாத்துட்டு அடுத்த ஞாயிறு எடுத்துட்டு வரேன்.”

லீனா மைக்கை அணைத்தாள். நாற்காலியோடு திரும்பினாள்.

“அண்ணா, அடுத்த ஞாயிறுங்கறா!”

“கேட்டுச்சு, கேட்டுச்சு” என்றான் தியோடர். ஃபில்டரைக் கீழே போட்டுவிட்டுத் திரையைக் காட்டினான். “இங்க என்னடி பாக்கற? அங்க தக்கை முங்குது பாரு, இழு! இழு!”